ஊர் மீள்தலும் நம் கடமையும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இச்சபையிற் பேசுமாறு காரியதரிசியவர்கள் என்னைப் பணித்தபொழுது, இலக்கியத்தில் யாதேனும் ஒரு பகுதியை எடுத்து விளக்குமாறே கூறினார்கள். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் எனக்கு அஃது எளிதாகும். ஆயினும், இவ்வாண்டுக் கணக்கறிக்கையை வாசித்தபோது, மீள்குடியேறுவோர்க்கு உதவும்பொருட்டுச் சங்கம் ஒரு நிதியை ஒதுக்கியிருத்தலைக் கண்டேன், மகிழ்ந்தேன். அந்நிதியினின்றும் உதவி பெறுதற்குரியார் யாவர் என்பது இன்று மாலை தீர்மானிக்கப்படும் என்பதையும் அறிந்தேன். அத்தீர்மானத்துக்கு முன்னர்ச் சொல்லவேண்டியன சில என் நெஞ்சில் உள. ஆதலால் இலக்கியத்தை மற்றொரு நாளைக்கு வைத்து, ஊர் மீள்தலைப் பற்றிப் பேசுதற்கு அக்கிராசனர் அவர்களிடம் அனுமதி பெற்று நிற்கின்றேன்.

1983-ஆம் ஆண்டு யூலை மாதக் கொடுமைகளின்பின் மூண்டெழுந்த போர் 2009-ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றது. அந்த இருபத்தாறு ஆண்டுகளில் ஒருமுறையேனும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறாத குடும்பத்தை நம் வடமாகாணத்திற் காண்டல் அரிது. 1990-ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் பெயர்ந்தனர். 1995-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் நாள் வலிகாமம் முழுவதுமே வெறிதாகி, பல இலட்சம் மக்கள் ஒரே பாதையிலே தென்மராட்சி நோக்கி நடந்தனர். போரின் இறுதியில் வன்னியிலிருந்து வந்த ஏறக்குறைய 3 இலட்சம் மக்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர். அம்முகாமினின்றும் கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 2012-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே. பாக்குநீரிணையைக் கடந்து தமிழகம் சென்றோரிற் பல்லாயிரவர் இன்றும் ஆங்குள்ள முகாம்களிலேயே வாழ்கின்றனர். 2021-ஆம் ஆண்டிலே தமிழக அரசு அம்முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றிற்று. பெயர் மாறியும் முகாம் முகாமாகவே இருக்கின்றது.

போர் ஒழிந்தது, ஆதலால் இனி யாவரும் தத்தம் ஊருக்குச் செல்லலாமே என்று சொல்வாருளர். இலக்கண நூலார் ஐந்திணை வகுத்த காலத்துப் பாலைக்கெனத் தனி நிலம் வகுத்திலர். காடும் மலையும் மழையின்றி வளங்குன்றிய காலத்தே பாலையெனப்படும் என்பது அவர்தம் கொள்கை. அங்ஙனமாயின் மழை பெய்தவுடன் பாலை பழைய நிலமாகிவிடுமா? விதையும் வேண்டும், ஏரும் வேண்டும், உழுவானும் வேண்டும். போர் ஒழிதல் மழை பெய்தல் போல்வது. எஞ்சிய வேலை மனிதருடையது. அது யாதென்பதை என் குடும்பத்து நிகழ்ச்சி ஒன்றினால் விளக்க விரும்புகின்றேன்.

எங்கள் ஊர் மயிலிட்டிக்கு அணித்தானது. 1990-ஆம் ஆண்டு யாங்கள் வெளியேறியபொழுது யான் ஒன்பது வயதுச் சிறுவன். அடுப்பிலே சோறு இருந்தது. மூன்று நாளில் மீள்வோம் என்று எண்ணிய என் தந்தையார், ஆடுகளைக் கட்டவிழ்த்து விட்டு, கதவுத் திறப்பை மடியிற் செருகிக்கொண்டு புறப்பட்டார். அந்த மூன்று நாள் இருபத்தெட்டு ஆண்டாயிற்று. மயிலிட்டித் துறைமுகம் 2017-ஆம் ஆண்டு யூலை மாதத்தில் விடுவிக்கப்பட்டது. எங்கள் காணி அதற்கடுத்த ஆண்டிலே விடுவிக்கப்பட்டது. தந்தையார் அதற்குப் பல ஆண்டுகளின் முன்னரே உறவினர் வீடொன்றிற் காலஞ்சென்றார். அத்திறப்பு என் தாயாரிடம் இருந்தது.

தாயாரை அழைத்துக்கொண்டு ஊர் சென்ற நாளிலே, அத்திறப்புக்குரிய கதவும் இல்லை. கதவு நின்ற சுவரும் இல்லை. நாயுண்ணிப் பற்றை ஆளுயரம் வளர்ந்து எம்முடைய காணியையும் அயலார் காணிகளையும் ஒன்றாக மூடியிருந்தது. எது எம்முடையது என்று அறிய இயலாமல் நின்றோம். அப்பொழுது முன்னாளில் எங்கள் பனைகளிலே சீவல் தொழில் செய்த முதியவர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். அவர் வீதியோரத்து மதகிலிருந்து அடி அளந்து நடந்து, பற்றையைக் கத்தியால் வெட்டி உள்ளே புகுந்து, "அம்மா, இங்கேதான் கிணறு" என்று குரல் கொடுத்தார். கிணறு கிடைத்தது, கிணற்றினால் வீடிருந்த இடம் கிடைத்தது, அதனால் எல்லை கிடைத்தது. எம் காணியை எம்மினும் நன்கறிந்தவர் அவரே. மாலையானதும் யாங்கள் மகிழ்ச்சியோடு மீண்டோம். அவரும் சைக்கிளில் ஏறிப் போயினார். எங்கே போகின்றார் என்று யான் அன்று சிந்தித்திலேன். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

மீண்டு வருவோர்க்கு முதலில் வேண்டப்படுவது காணி உறுதி. உறுதிப் பெட்டியைச் சுமந்துகொண்டு ஓடியவர் சிலர். விட்டு ஓடியவர் பலர். உறுதி அழிந்துவிடினும், அது முறையாகப் பதிவு செய்யப்பட்டிருந்து பதிவேடும் சேதமுறாதிருப்பின், காணிப் பதிவகத்திலே அதன் பிரதியைப் பெறலாம். இதனை அறியாது, காணி போய்விட்டதென்றே இருப்பார் நம்மிடையே இன்றும் உளர். இனி, பத்தாண்டு தடையின்றி ஆண்டவர்க்கு உரிமையுண்டாகும் என்பது இந்நாட்டுச் சட்டம். உயிர் தப்பி ஓடியவன் பத்தாண்டு வரவில்லை என்பதனால் அவனது உரிமை கெடுதல் நீதியாகுமா? இவ்வநீதியை நீக்கவே 2016-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. போரினாலே காணியை அணுக இயலாதிருந்தவர்க்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தை எதிராகக் கணக்கிடலாகாது என்பது அதன் கருத்து. சட்டம் நன்று. ஆயின், அறியாதார்க்குச் சட்டம் பூட்டிய பெட்டியே.

காணி உரிமையில் ஆண்களினும் பெண்கள் படும் இடர் பெரிது. நம் தேசவழமையை ஒட்டி 1911-ஆம் ஆண்டில் எழுந்த கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சீதனக் காணியையும் கணவனுடைய எழுத்துமூலமான சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. கணவன் காணாமற்போயிருப்பின் அவள் யாரிடம் சம்மதம் பெறுவாள்? நீதிமன்றத்தை நாடி அச்சம்மதமின்றியே நடத்த அனுமதி பெறலாம். அதற்குப் பணமும் துணையும் வேண்டும். மரணச் சான்றிதழ் பெற்றால் எளிதாகும் என்று அலுவலகங்களிற் கூறுவர். கணவன் இறந்தான் என்று தன் கையாலே எழுதிக் கொடுக்க எந்தப் பெண்ணின் மனம் துணியும்? இது கருதியே, இறந்தார் என்னாது காணாமற்போனார் என்று மாத்திரம் உறுதிசெய்யும் சான்றிதழொன்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்பட்டது. அதனைப் பெறும் வழியை அறியாதவர்களுக்கு, உடன் சென்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தல் நம்மாலாகாத காரியமா?

அடுத்து, பிள்ளைகளைப் பற்றிச் சொல்வேன். இஃது யான் நாடோறும் காண்பது. தமிழக முகாம்களிற் பிறந்து வளர்ந்து, பெற்றாரோடு தாயகம் வந்த பிள்ளைகள் என் வகுப்பிலும் படித்திருக்கின்றனர். அவர்களுக்குப் பிறப்புப் பதிவு வேண்டும். இந்நாட்டுப் பிரசாவுரிமைப் பதிவும் வேண்டும். ஒரு தாள் குறையின் ஒரு தவணை கழியும். ஆங்கே அவர்கள் சிங்களம் படித்தாரல்லர். இங்கே அஃதோர் பாடம். இவற்றினும் பெரியதொன்றுண்டு. அவர்களுடைய பேச்சின் ஓசை நம்முடையதன்று. ஒரு சிறுமி வகுப்பில் எழுந்து விடை கூறியபொழுது மற்றைப் பிள்ளைகள் நகைத்தனர். பின்னர் ஒரு தவணை முழுவதும் அவள் வாய் திறந்திலள். பேசாத பிள்ளை என்று யானும் விட்டுவிட்டேன். அவள் தாய் வந்து, "ஐயா, அங்கே எங்களை இலங்கைக்காரர் என்றார்கள், இங்கே இந்தியாக்காரர் என்கிறார்கள்" என்று சொன்னபிறகே என் பிழையை உணர்ந்தேன். மறுநாள் வகுப்பிலே, ஒரு பொருளுக்கு இங்கும் அங்கும் வழங்கும் சொற்களை அச்சிறுமியைக் கொண்டே கரும்பலகையில் எழுதுவித்தேன். பின்னர் நகைப்பு ஒழிந்தது. ஊருக்கு மீள்தல் வள்ளத்திலிருந்து இறங்குவதோடு முடிவதன்று. ஊரார் தம்முள் ஒருவராக ஏற்கும் நாளிலேயே அது நிறைவேறும்.

இனி அம்முதியவரைப் பற்றிச் சொல்வேன். அவர் அன்று மாலை சென்றது முகாமுக்கு. 1990-இல் எம்மோடு அதே நாளில் ஊரைவிட்டு ஓடியவர், இருபத்தெட்டு ஆண்டின் பின்னும் தகரக் கூரையின் கீழ் இருந்தார். காணிகள் விடுவிக்கப்பட்டபொழுது காணியுடையோர் மீண்டனர். அவருக்கு விடுவிக்கப்படுதற்கு ஒரு காணியில்லை. அவருடைய குடிசை முன்னாளில் எங்கள் காணியின் மூலையிலே, எங்கள் பாட்டனார் வாய்ச்சொல்லால் அளித்த அனுமதியின்மேல் நின்றது. வாய்ச்சொல்லுக்கு உறுதியில்லை. வலிகாமம் வடக்கு முகாம்களில் இறுதிவரை எஞ்சியிருந்தோரிற் பலர் இத்தகையவரே என்பதை நீவிர் அறிவீர். இந்திய அரசின் உதவியால் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகளும், மலையகத்தில் 4,000 வீடுகளுமாக 50,000 வீடுகள் அமைக்கும் திட்டம் வந்தது. வடக்குக் கிழக்கிலே வீடொன்றுக்கு 5,50,000 ரூபாய் கொடுத்து, உரியவரே கட்டிக்கொள்ளச் செய்தனர். மிக நல்ல உதவி. ஆயின் வீடு கட்டுதற்கு நிலம் வேண்டுமன்றோ? நிலமில்லாதார்க்கு அவ்வுதவி எளிதில் எட்டவில்லை.

என் தாயார் ஒருநாள், "கிணற்றைக் காட்டினவருக்கு இரண்டு பரப்பு எழுதிக் கொடு" என்றார். நியாயமென்று தெரிந்தும் யான் தாழ்த்தேன். சகோதரர் வெளிநாட்டில் இருக்கின்றார், கேட்கவேண்டும் என்றேன். நில அளவையாளர் வரட்டும் என்றேன். என் உள்ளத்தில் இருந்த காரணம் வேறு. பக்கத்து வேலியில் யார் குடியிருப்பார் என்ற எண்ணமே அது. இச்சபையில் அதனை மறையாது ஒப்புக்கொள்கின்றேன். இவ்வாறு ஓராண்டு கழிந்தது. அவ்வாண்டு மாரிகாலத்தில் அம்முதியவர் முகாமிலேயே காலமானார். பின்னர் அவர் மகளின் பெயருக்கு உறுதி முடித்தோம். அவள் குடும்பம் இன்று எங்கள் அயலிலே வாழ்கின்றது. ஒரே கிணற்றில் இரு வீட்டாரும் தண்ணீர் அள்ளுகின்றோம். ஆயினும், கிணற்றைக் காட்டியவர் அதன் நீரைக் குடித்திலர். தமிழ் கற்றும் நன்றியறிதலை என் தாயாரிடமிருந்தே கற்க வேண்டியவனானேன்.

நான் முன்னர்க் கூறிய இடப்பெயர்வு வரிசையில் ஒன்றை விட்டுவிட்டேன். சபையோரில் அதனைக் கவனித்தவர் யாரேனும் உளரோ அறியேன். நாம் வழக்கமாக விடுவது அதுவே. 1990-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், விடுதலைப் புலிகள் இயக்கத்தின் கட்டளையினால், வடமாகாணத்து ஐந்து மாவட்டங்களிலும் வாழ்ந்த முஸ்லிம் மக்கள், ஏறத்தாழ 75,000 பேர், வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தாருக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்நாள் ஒக்டோபர் 30. ஐந்தாண்டின் பின் அதே நாளில் நாம் அனைவரும் மூட்டையோடு தெருவில் நின்றோம். புத்தளத்திலே அகதிகளாயிருந்த அம்மக்களில் ஒரு பகுதியினர் போரின் பின் மீண்டனர். ஒரு குடும்பமாகச் சென்றது, இருபது ஆண்டில் மூன்று குடும்பமாயிற்று. திரும்பி வந்து காண்பது கூரையற்ற ஒரே வீடு. பிள்ளைகளின் படிப்போ புத்தளத்தில். எனவே பலர் தங்கிவிட்டனர். நம் துயரை உலகம் கேட்கவேண்டுமென்று விரும்பும் நாம், நம் நகரத்து அயலாரின் துயரைக் கேளாதிருத்தல் நடுவுநிலைமையாகாது.

இத்துன்பம் நமக்கு மட்டும் வந்ததன்று. மேனாட்டிலே போஸ்னியா என்னும் தேசத்தில் 1992 முதல் 1995 வரை நிகழ்ந்த போரினால் அந்நாட்டு மக்களிற் பாதியளவினர், ஏறக்குறைய 22 இலட்சம் பேர், வீடிழந்தனர். 1995-ஆம் ஆண்டு டேட்டனில் முடிந்த உடன்படிக்கையின் 7-ஆம் இணைப்பு, ஒவ்வொருவரும் தத்தம் பழைய வீட்டுக்கே மீளும் உரிமையை உறுதிசெய்தது. அது வெறும் எழுத்தாகப் போகவில்லை. ஏறக்குறைய 2 இலட்சம் வீட்டு வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை சில ஆண்டுகளுள் தீர்க்கப்பட்டு, வீடுகள் உரியவர்க்கு மீண்டன. நிகழ்ந்தது யாது? பலர் திறப்பைப் பெற்றதும் வீட்டை விற்றுவிட்டுத் தம்மினத்தார் மிக்கிருக்கும் இடத்துக்கே சென்றுவிட்டனர். ஊரில் வேலையில்லை, பிள்ளைகளுக்கு ஏற்ற பாடசாலையில்லை, அயலாரோடு பேச்சில்லை. வீடு மீண்டது, ஊர் மீளவில்லை. உலகத்தின் பெரும்பொருளும் சட்டமும் செய்யமுடியாது நின்ற இடம் அதுவே. ஊரார் தாமே செய்யவேண்டிய பகுதி அவ்விடத்திலே தொடங்குகின்றது.

ஆதலால், அந்நிதியைப் பற்றி நான்கு கருத்துக்களைச் சபையின்முன் வைக்கின்றேன்.

முதலாவது: சனிக்கிழமைதோறும் நமது மண்டபத்திலே, ஓய்வுபெற்ற இலிகிதர்களும் நம்முள் சட்டம் கற்றோரும் இருந்து, உறுதிப் பிரதி, பிறப்புப் பதிவு, பிரசாவுரிமை, காணாமற்போனோர் சான்றிதழ் ஆகியவற்றுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவில்லை, பொறுமையே வேண்டும்.

இரண்டாவது: நிதியின் முதற்பங்கு பொதுவானவற்றுக்கே செல்லவேண்டும். தூர்ந்த கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்குதல், சிறுவர் பாடசாலை, வாசிகசாலை என்பன முதலில் எழுந்தால், வீடுகள் தாமே பின்தொடரும்.

மூன்றாவது: நம் அங்கத்தவர்களில் பலர் இலண்டனிலும் கனடாவிலும் வாழ்கின்றனர். அவர்களுடைய காணிகள் பற்றையாய்க் கிடக்கின்றன. அவற்றில் இரண்டு பரப்பேனும் நிலமற்ற குடும்பங்களுக்கு உறுதி முடித்துக் கொடுக்குமாறு சங்கம் அவர்களுக்கு எழுதவேண்டும். வாய்ச்சொல் போதாது, உறுதி வேண்டும். உறுதிச் செலவை நிதி ஏற்கலாம்.

நான்காவது: உதவி பெறுதற்குரியார் நம் சமூகத்தார் மாத்திரம் என்று வரையறுத்தலாகாது. ஊருக்கு மீள்வோர் யாவரும் உரியர் என்று தீர்மானித்தல் வேண்டும்.

நான்காவதற்கே மறுப்பு எழும் என்பதை அறிவேன். "நம்மவர் பணம், நம்மவர்க்கன்றோ உரியது?" என்பீர்கள். கணக்கொன்று சொல்கின்றேன். நம்முடைய பிள்ளைகள் பன்னிருவரைக் கொண்டு ஒரு பாடசாலையைத் திறந்து வைத்திருத்தல் இயலாது. பிள்ளைகள் போதாவிடின் ஆசிரியர் வாரார்; ஆசிரியர் வாராவிடின் பெற்றார் ஊரில் தங்கார். நம் பன்னிருவரும் படிக்கவேண்டுமாயின், பிறர் பிள்ளைகளும் அருகே அமர்தல் வேண்டும். வைத்தியசாலையும் அவ்வாறே, பஸ் வண்டியும் அவ்வாறே, கடையும் சந்தையும் அவ்வாறே. நம்மவரை மாத்திரம் குடியேற்றினால் நாம் பெறுவது சில வீடுகளே, ஊரைப் பெறமாட்டோம்.

அன்றியும், 1995-ஆம் ஆண்டின் அந்த இரவை நினைவுகூருங்கள். மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சென்ற எங்கள் குடும்பத்துக்குத் தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் ஒரு பாய் விரிக்கும் இடம் கிடைத்தது. பக்கத்திற் படுத்தவர் இன்ன குலத்தவர் என்று எவரும் கேட்டிலர். அம்மண்டபத்தார் அனைவரும் ஒரு கிணற்றிலே குடித்தோம். ஒரு பானையிலே உண்டோம். எங்களை வாங்கிக்கொண்ட ஊராரும் எங்களிடம் விபரம் கேட்டிலர். ஓடும்போது ஒன்றாயிருந்த நாம், மீளும்போது வேலி அடைப்பதையா முதல் வேலையாகக் கொள்வது?

இன்னும் விடுவிக்கப்படாத காணிகள் உள. இன்னும் முகாம்களில் வாழ்வோர் உளர். காணாமற்போனோரைத் தேடும் தாய்மார் வீதியில் அமர்ந்திருக்கின்றனர். இவற்றுக்கு விடை அரசினரிடமிருந்து வரவேண்டும்; அதனைக் கேட்பதை நாம் விடலாகாது. ஆயின், நம் கையில் உள்ளதை நாம் செய்யாது, பிறர் கையில் உள்ளதை மாத்திரம் கேட்போமாயின், நம் கேள்விக்கு வலியிராது.

என் தந்தையாரின் திறப்பு இன்றும் எம் வீட்டில் மாடத்திலே இருக்கின்றது. அது திறக்கும் கதவு இனி இல்லை. புதிய வீட்டுக்குப் புதிய திறப்பே செய்தோம். பழைய ஊரை அப்படியே மீட்க எவராலும் இயலாது. பழைய ஊரில் இருந்த குறைகளையும் சேர்த்து மீட்க வேண்டுவதுமில்லை. புதிதாகக் கட்டுவதை யாவர்க்கும் இடமுள்ளதாகக் கட்டுவோமாக. இன்று மாலை தீர்மானத்துக்குக் கை உயர்த்தும்பொழுது, கிணற்றைக் காட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிச் சென்ற அம்முதியவரைச் சபையோர் ஒருகணம் நினைக்குமாறு வேண்டுகின்றேன்.